முழங்கால் காயம் முழுதும் ஆறாத நிலையில் வெள்ளியங்கிரி ஏறலாமா?

கேள்வி (பொள்ளாச்சியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. சென்ற ஆகஸ்ட் மாதம் மழையில் இருசக்கர வாகனம் சறுக்கி விழுந்ததில், வலது முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு உட்புறத்தில் சிறிதளவு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை தேவையில்லை என்று எலும்பு மருத்துவர் சொன்னதால், நான்கு மாதங்கள் இயன்முறைப் பயிற்சி மட்டும் செய்தேன். இப்போது சமதரையில் ஒரு மணி நேரம் நடந்தாலும் வலி இல்லை. மாடிப்படி ஏறும்போதும் இல்லை. இறங்கும்போது மட்டும் மூட்டின் உட்பக்கத்தில் சுருக்கென்று ஒரு வலி வந்து மறைகிறது.

எங்கள் அப்பா ஆண்டுதோறும் வெள்ளியங்கிரிக்குச் சென்றவர். அவர் காலமான பிறகு வரும் முதல் பருவம் இது. அவருடைய மூங்கில் தடியை எடுத்துக்கொண்டு சித்திரை மாதத்தில் ஏழு மலையும் ஏறி வருவது என்று அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம். முழங்கால் உறை அணிந்து, புறப்படும் முன்பே ஒரு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதே நிலையில் ஏறியவர்கள் இருந்தால் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1 (கோவையிலிருந்து)

அப்பாவின் தடியோடு ஏற வேண்டும் என்ற உங்கள் எண்ணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் பன்னிரண்டு முறை ஏறியிருக்கிறேன். அவற்றில் ஒருமுறை வழுக்குப்பாறைப் பக்கம் கணுக்கால் பிசகி, மீதி வழி முழுவதும் ஒற்றைக்காலை நம்பி இறங்கினேன். அந்த ஒரு இறக்கம் கற்பித்ததையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தானே என்று தூரத்தைப் பார்த்து இந்த மலையை எடைபோடக் கூடாது. அந்தத் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர வேண்டியிருக்கிறது. முதல் மலையின் கற்படிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. சில படிகள் முழங்கால் உயரம் இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் தானாகவே நின்று நின்று போவோம். திரும்பும்போது, கால் சோர்ந்து, தூக்கமும் இல்லாத நிலையில், அதே படிகள்தாம் கடைசியாக வந்து நிற்கும். மேலே வாகனம் வரும் பாதை கிடையாது. நடக்க முடியாமல் போனால் நான்கு பேர் டோலி கட்டித் தூக்கி வர வேண்டும். அந்தச் செங்குத்தில் தூக்குகிறவர்களின் உயிருக்கும் அது ஆபத்து.

ஆகவே போவதானால், எந்த இடத்தில் வலி வந்தாலும் அங்கேயே திரும்பிவிடுவது என்று அண்ணனிடம் அடிவாரத்திலேயே சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். பாம்பாட்டிச் சுனையைத் தாண்டிவிட்டால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணமே காலை இழுத்துக்கொண்டு போகும். இரவில் ஏறாமல் விடியற்காலையில் புறப்படுங்கள். மாத்திரையைப் பொறுத்தவரை, நான் அன்று இறங்கும்போது ஒன்று போட்டுக்கொண்டேன், உதவியாகத்தான் இருந்தது.

பதில் 2 (இயன்முறை மருத்துவர், திருச்சி)

முந்தைய பதிலில் மாத்திரை பற்றிச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஏறும் முன்பே வலியை மறைத்துவிட்டால், எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரே அறிகுறியையும் நாமே அணைத்துவிடுகிறோம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் போதாமல் பல மணி நேரம் உழைத்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல் வரலாம்.

இறங்கும்போது மட்டும் வலிப்பதற்குக் காரணம் உண்டு. படி இறங்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டின் மீது உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட சுமை விழுகிறது. அப்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தசை களைத்துப்போனால், தாங்கும் வேலை முழுவதும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பின் தலையில் விழுகிறது. முழங்கால் உறை கதகதப்பைத் தரும், மூட்டின் நிலையை மனத்துக்கு உணர்த்தும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொள்வதோ, மூட்டு திடீரென்று நழுவுவதோ ஒருமுறை நேர்ந்திருந்தாலும் மலைப் பேச்சை விட்டுவிட்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சாதாரணப் படியின் மேல் வலது காலில் நின்று, இடது குதிகால் கீழ்த்தரையைத் தொடும் வரை மெல்ல இறங்கி மீண்டும் எழுங்கள். வலி இல்லாமலும், முழங்கால் உள்பக்கம் சாயாமலும் பத்து முறை முடிய வேண்டும். அது முடிந்தால் பழனிக்குச் செல்லுங்கள். 693 படிகளையும் ஏறி, படி வழியாகவே இறங்கிப் பாருங்கள். நடுவில் வலித்தால் அங்கேயே நின்று, மெல்ல மேலே திரும்பி விஞ்சிலோ ரோப் காரிலோ இறங்கிவிடலாம். வெள்ளியங்கிரியில் அதற்கு வழியில்லை. மறுநாள் காலையில் முழங்காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் முக்கியமான பகுதி. தடியை இடது கையில் பிடியுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது முதலில் தடி, அடுத்துக் காயம்பட்ட கால், பிறகு நல்ல கால்.

பதில் 3 (இலங்கை, கண்டியிலிருந்து)

நான் கணுக்கால் தசைநார் கிழிந்து ஆறு மாதம் கழித்து, நல்லதண்ணிப் பாதையால் சிவனொளிபாதமலை ஏறினேன். 2,243 மீட்டர் உயரம்; ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். வைத்தியர் சம்மதித்த பிறகே போனேன். ஏறியதை விட இறங்கவே எனக்குக் கூடுதல் நேரம் எடுத்தது.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். உச்சியில் சூரிய உதயத்துக்காகக் குளிரில் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் என்னுடைய கால் விறைத்துப்போனது. உதயம் முடிந்ததும் எல்லோரும் ஒரேயடியாக இறங்க, நானும் அந்த நெரிசலின் வேகத்துக்கு இழுபட்டேன். காயம் உள்ளவர் சனத்தை முன்னே போகவிட்டு, காலைச் சூடாக்கிக்கொண்டு, கடைசியாக இறங்க வேண்டும். வெள்ளியங்கிரி உச்சியிலும் காற்றும் குளிரும் கடுமை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு கம்பளித் துணியாவது கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுப் படியில் பத்து முறை முடிந்தது. அந்தத் துணிவில் ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு பழனிக்குச் சென்றேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதி வழிக்கு மேல் அந்த வலி ஒவ்வொரு படிக்கும் வந்தது. திரும்பி ஏறாமல் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி முடித்தேன். அது தவறு என்று மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். மருத்துவரிடமும் காட்டினேன், தொடைத்தசைப் பயிற்சியை இன்னும் சில மாதங்கள் தொடரச் சொல்லியிருக்கிறார்.

ஆதலால் இந்தச் சித்திரையில் அப்பாவின் தடியை அண்ணன் கொண்டுபோவார். நான் அவரோடு பூண்டி வரை சென்று, அடிவாரக் கோயிலில் வணங்கிவிட்டு, அவர் இறங்கி வரும் வரை அங்கே இருப்பேன். வனத்துறை அடுத்த பிப்ரவரியில் பாதையைத் திறக்கும் முன், பழனிப் படிகளை வலியில்லாமல் மூன்று முறையாவது இறங்கிவிட வேண்டும் என்று எண்ணுகிறேன். இயன்முறை மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி: வீக்கம் முழுவதும் வடிந்த பிறகு, எத்தனை நாள் இடைவெளி விட்டு மீண்டும் படி இறங்கத் தொடங்கலாம்?

பதில் 2 (இயன்முறை மருத்துவர், திருச்சி)

நாள் கணக்கு வேண்டாம். வீக்கம் வடிந்து, இரண்டு முழங்கால்களும் ஒரே அளவுக்கு மடங்கத் தொடங்கிய பிறகு பத்துப் படிகளில் ஆரம்பியுங்கள். மறுநாள் வீக்கம் இல்லையென்றால் இருபது. வீங்கினால் மீண்டும் பத்து.