வியன்னா ஸ்டெஃபான்ஸ்டோம்: பூட்ஸ், பூசை, மாமனாரின் குரங்கு குல்லா

குளிர்நடுங்கி:
வணக்கம். டிசம்பர் 24 முதல் 28 வரை வியன்னாவில் இருக்கப் போகிறோம். நான், கணவர், 8 வயது மகள், மாமனார். ஸ்டெஃபான்ஸ்டோம் பேராலயத்தைப் பார்க்காமல் வராதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, வேளாங்கண்ணிக்கு இரண்டு தடவை போனதுதான் அனுபவம். பூசை நடக்கும்போது உள்ளே போனால் தப்பாக நினைப்பார்களா? பூட்ஸை எங்கே கழற்றி வைப்பது, தொலைந்து போகாதே? உள்ளே கதகதப்பாக இருக்குமா? இதைக் கேட்கக் காரணம் மாமனார், சென்னையில் மார்கழிக்கே குரங்கு குல்லா போடுகிறவர், இந்தப் பயணத்துக்குப் புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்.

டானூப்கரை:
பூட்ஸைக் கழற்றவே வேண்டாம். நம் ஊர்ப் பழக்கத்தில் வாசலில் விட்டால் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், தரை வேறு ஐஸ் மாதிரி கல். பனியையும் ரோட்டில் தூவியிருக்கும் பொடிக்கல்லையும் வாசலில் நன்றாகத் தட்டிவிட்டுப் போனால் போதும். கதகதப்பை எதிர்பார்க்காதீர்கள். அவ்வளவு உயரமான கல் கட்டடம், உள்ளே காற்று அடிக்காது, அதுதான் வித்தியாசம், அதனால் கோட்டைக் கழற்ற வேண்டாம்.

ஆனால் குல்லா போச்சு. ஆண்கள் தலையில் எதுவும் இருக்கக் கூடாது. நானே முதல் வருடம் கம்பளித் தொப்பியோடு நின்றிருந்தேன், ஒரு பாட்டி பக்கத்தில் வந்து ஒன்றும் பேசாமல் தன் தலையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். பெண்கள் போட்டுக்கொள்ளலாம்.

பின்பகுதிக்கு டிக்கெட் கிடையாது, நடுக்கூடத்துக்குள் சுற்றிப் பார்க்க டிக்கெட். மேலே ஏறுவதென்றால் 136 மீட்டர் தெற்குக் கோபுரத்தில் 343 படி, குறுகலான சுழல் படிக்கட்டு, மாமனாரை அதில் ஏற்றாதீர்கள். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. பும்மரின் என்கிற பெரிய மணி தொங்குவதும் அங்கேதான், 20 டன். பழைய மணியைத் துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்தார்கள், 1945 ஏப்ரலில் கூரை பற்றி எரிந்தபோது அது கீழே விழுந்து நொறுங்கியது, அந்த உடைசலையும் சேர்த்து 1951இல் மறுபடி வார்த்ததுதான் இப்போது இருப்பது. புத்தாண்டு நள்ளிரவில் அடிப்பார்கள், நீங்கள் அதற்குள் கிளம்பிவிடுகிறீர்களே!

டிக்கெட் காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி, பூசை நேரத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள், அதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

ஞானசௌந்தரி மகன்:
மேலே சொன்ன கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. பூசைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மதம் கேட்க மாட்டார்கள், ஆனால் வந்தால் கடைசிவரை உட்காருங்கள், நடுவில் எழுந்து போட்டோ எடுத்துக்கொண்டு திரியாதீர்கள். சுற்றிப் பார்ப்பது மட்டும்தான் நோக்கமென்றால் காசு கொடுத்து வேறு நேரத்தில் போவதே மரியாதை.

அப்புறம் முக்கியமான விஷயம். நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்க வரிசை கிளம்பும், நீங்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். என் நண்பன் ஒருவன் ஐரோப்பாவில் வேறொரு சர்ச்சில் எல்லாரோடும் போய் அப்பத்தைக் கையில் வாங்கி, பிரசாதம்தானே, ரூமில் போய்ச் சாப்பிடலாம் என்று ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பீடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து அதைத் திரும்ப வாங்கும்வரை இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கத்தோலிக்கர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல், பாக்கெட்டில் போகிற சமாச்சாரம் இல்லை.

நீங்கள் இருக்கும் 26ஆம் தேதி அந்தப் பேராலயத்தின் பாதுகாவலரான புனித ஸ்தேவான் திருநாள். எங்கள் வீட்டில் முடியப்பர் என்போம், ஸ்தேவான் என்பதன் மூலமான கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று அர்த்தம். ஆஸ்திரியாவில் அன்றைக்கு அரசு விடுமுறை, கடைகள் பூட்டியிருக்கும், பாலும் ரொட்டியும் 24ஆம் தேதி காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

வேளாங்கண்ணி போனவர் என்பதால் இதையும் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் வலப்பக்க மூலையில் மரியா பொட்ச் என்று ஒரு மாதா படம் இருக்கிறது. ஹங்கேரியில் பொட்ச் என்ற கிராமத்தில் 1696இல் கண்ணீர் விட்டதாகச் சொல்லி, மறுவருடம் பேரரசர் லியோபோல்டு வியன்னாவுக்குக் கொண்டுவரச் செய்தார். கூட்டம் முழுக்கக் கூரையைப் பார்த்து நிற்கும்போது இந்த மூலையில் மட்டும் ஆட்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கு அந்த முகங்கள் புதிதாகத் தெரியாது.

மூன்றாம்வகுப்பு டீச்சர்:
பெரியவர்கள் பேசுவதில் குழந்தையை மறந்துவிட்டீர்கள். வாசலுக்கு இடப்பக்கம் வெளிச்சுவரில் இரண்டு இரும்புக் கம்பி பதித்திருக்கும், அந்தக் காலத்துத் துணி அளவுகோல்கள், கடைக்காரர் ஏமாற்றினாரா என்று வந்து சரிபார்க்கலாம். உள்ளே பிரசங்க மேடையின் கைப்பிடியில் கல் தவளையும் பல்லியும் ஊர்ந்து ஏறும், அதன் அடியில் ஒரு ஆள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார், செதுக்கிய சிற்பியே அவர்தான் என்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் தேடவிடுங்கள், அரை மணி நேரம் சத்தமே வராது.

குளிர்நடுங்கி:
எல்லாருக்கும் நன்றி. டிக்கெட் எடுத்தே போகிறோம். மாமனாரிடம் படித்துக் காட்டினேன், குல்லாவைக் கழற்றச் சம்மதித்துவிட்டார், ஆனால் மப்ளரைக் காதோடு சேர்த்துத் தலையில் சுற்றிக் கட்டினால் அது எந்தக் கணக்கு என்று கேட்கச் சொல்கிறார்.

டானூப்கரை:
குல்லாக் கணக்குதான். கழுத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.