வேலையை விட்டுவிட்டுப் பந்து வீசப் போகலாமா?

வரைபலகை:
வயது 25. ஐந்து வருடம் கட்டடக்கலை படித்துவிட்டு, இரண்டு வருடமாக ஓர் அலுவலகத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் போகும் வழியை வரைந்துகொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் சுழல் வீசுவேன். நடுவிரலால் சொடுக்கி வீசும் என் சொடக்குப் பந்து (கேரம் பால்) எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் பிடிபடுவதில்லை. இந்திய அணிச் சுழல் பந்துவீச்சாளர் வருண் சக்கரவர்த்தியும் இதே படிப்புதான், ஏறக்குறைய இதே வயதில்தான் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவன் ஒருவன். அவனைப் போலப் போன மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டார். வேலையை விடலாமா?

வேப்பமரத்தடி:
தம்பி, கதையில் உங்களுக்குப் பிடித்த வரியை மட்டும் படித்திருக்கிறீர்கள். அவர் பதினேழு வயது வரை விக்கெட் கீப்பர். எஸ்.ஆர்.எம்.மில் படித்து, கட்டடக்கலை வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, கிராம்பெஸ்ட் கிளப்பில் சேர்ந்தது வேகப்பந்து வீசும் ஆல்ரவுண்டராக. முழங்கால் போயிற்று. அதன் பிறகுதான் சுழல். அடுத்துப் போன இடம் ஜூபிலி கிளப்; சென்னை கிளப் லீக்கின் கீழ் நிலைகளில் ஒன்றான நான்காவது டிவிஷன். 2017-18இல் அங்கே ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட்.

நானும் கீழ் டிவிஷன்களில் பதினொரு வருடம் ஆடியவன். அங்கே வேடிக்கை பார்ப்பவர் யார் தெரியுமா? அன்று அணியில் இடம் கிடைக்காதவரும், தேநீர்த் தூக்கோடு வருபவரும்தான். நண்பகல் வெயிலில் பத்து ஓவர் வீசி நான்கு விக்கெட் எடுத்தால், அது ஸ்கோர் புத்தகத்தில் ஒரு வரி. அவ்வளவே. அந்த வரிகள் சேர்ந்துதான் 2018இல் அவரை டி.என்.பி.எல். என்னும் தமிழ்நாட்டு டி20 தொடரின் மதுரை அணிவரை கொண்டுபோயின. அந்த வருடம் மதுரை கோப்பையை வென்றது. டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சத்தில் தொடங்கிய அவர் விலை 8.4 கோடியில் நின்றது. எல்லோருக்கும் அந்த 8.4 மட்டும் நினைவிருக்கிறது.

நகக்கண்:
வேலை இருக்கட்டும், முதலில் பந்தை மாற்றுங்கள். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது. இதை நடுவிரலால் சொடுக்கிப் பாருங்கள். நான் தெருவில் ராஜாவாக இருந்துவிட்டு நெட்டுக்கு, அதாவது கிளப்பின் வலைப் பயிற்சிக்கு, போனவன். மூன்றாம் நாள் நகக்கண் வீங்கி, சோறு பிசைய முடியவில்லை. தெருவில் முழம் திரும்பிய பந்து அங்கே நேராகப் போய் மட்டையின் நடுவில் பட்டது.

மூன்றாவது அம்பயர்:
ஏலத்துக்குப் பின்னும் கதை இருக்கிறது. 2019இல் ஈடன் கார்டனில், கொல்கத்தா அணிக்கு எதிராக அவருடைய முதல் ஐ.பி.எல். ஓவர்: 25 ரன். அந்தப் பருவத்தில் அவருக்கு அந்த ஓர் ஆட்டம்தான். வேடிக்கை என்னவென்றால், அன்று அடித்த அதே கொல்கத்தாதான் அடுத்த ஏலத்தில் அவரை எடுத்தது. 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூட இல்லை, மூன்று வருடம் இந்திய அணிப் பக்கமே வரவில்லை. ஒருநாள் போட்டியில் அறிமுகமாகும்போது 33 வயது. அடுத்த மாதமே, 2025 சாம்பியன்ஸ் கோப்பையில், நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட். உங்கள் அம்மாவிடம் 25 ரன் ஓவரையும் சொன்னீர்களா?

பின்குறிப்பு: அஸ்வினும் பொறியாளர்தானே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் படிக்கும்போதே ஆடிக்கொண்டிருந்தவர்; அது வேறு வழி.

வரைபலகை:
சொல்லவில்லை. இன்று சொன்னேன். வேலையில் இருந்துகொண்டே ஐந்தாவது டிவிஷன் கிளப் ஒன்றின் வார இறுதி நெட்டுக்குப் போவதாக முடிவு. நேற்றே தோல் பந்து வாங்கி மொட்டை மாடியில் சுவரைப் பார்த்து வீசினேன். நகக்கண் அண்ணா, நீங்கள் மூன்று நாள் தாங்கியிருக்கிறீர்கள். எனக்கு எட்டாவது பந்திலேயே விரல் எரிந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார்.