ஏ356 மணல் வார்ப்பு: டி6 செய்தும் கடினம் ஏறவில்லை

உலைவாயில்:
ஏ356 (சிலிக்கான், மக்னீசியம் கலந்த அலுமினியம்), தடிமன் 25 மில்லிமீட்டர். டி6-ங்கற சூட்டுப் பதம் இப்படிச் செஞ்சேன்: 540 டிகிரி செல்சியஸில் 6 மணி நேரம், பச்சைத் தண்ணீரில் குவென்ச் (சட்டுன்னு முக்கி ஆத்தறது), மறுநாள் 155 டிகிரியில் 4 மணி நேரம் ஏஜிங் (மிதமான சூட்டில் வெச்சுக் கடினமாக்கறது). பிரினெல் கடினம் 60தான் வருது, 80 வேணும். நீளமான பீஸ் வளையுது, மரை வெட்ட டேப் போட்டா மரை கிழியுது. ஏஜிங் நேரத்தைக் கூட்டலாமா?

கரிமண்:
ஏஜிங் மேல பழி போடறதுக்கு முன்னாடி மக்னீசியத்தைப் பாருங்க. சிலிக்கானோட சேர்ந்து கடினத்தைத் தர்றதே அதுதான். 0.25 சதவீதத்துக்குக் கீழ போயிருந்தா எந்த உலையும் காப்பாத்தாது. ரன்னர், ரைசரை (வார்ப்புல இருந்து வெட்டி எடுக்கற உபரித் துண்டுகள்) திரும்பத் திரும்ப உருக்கினா மக்னீசியம் எரிஞ்சு குறையும். 0.35 பக்கத்துல வைங்க.

அது சரின்னா, மணல் வார்ப்புக்கு 6 மணி பத்தாது. மெதுவா ஆறினதால சிலிக்கான் பெருசு பெருசா இருக்கும், அது உருண்டை ஆகணும். 12 மணி கொடுங்க. தெர்மோகப்பிளை (சூடு அளக்கற கம்பி) பீஸோட சேர்த்துக் கட்டி, பீஸ் 535-ஐத் தொட்ட பிறகு நேரம் எண்ணுங்க. கதவு திறந்ததுல இருந்து தண்ணியில முங்க 10 விநாடிதான். கூடையை நகர்த்தவே அரை நிமிஷம் ஆனா, போற வழியிலேயே மக்னீசியம் பிரிஞ்சு வீணாயிடும்.

ஒரு பீஸை மட்டும் 155-ல் இன்னும் 4 மணி வைங்க. கடினம் ஏறினா ஏஜிங் குறைவு. ஏறலைன்னா கோளாறு அதுக்கு முன்னாடியே.

கடைசல்காரன்:
வளையறதுக்குப் பச்சைத் தண்ணி முக்கியக் காரணம். 65–70 டிகிரிக்குச் சூடாக்குங்க, தொட்டி பெருசா இருக்கணும். 540-ல் பீஸ் தன் எடைக்கே தொய்யும், அடியில முட்டுக் கொடுங்க. குவென்ச் ஆன கையோட பிரஸ்ல நிமிர்த்திடுங்க, அப்ப மெத்துன்னு இருக்கும். ஏஜிங் முடிஞ்சு நிமிர்த்தினா விரிசல் விடும்.

மரை கிழியறது உலோகம் மெத்துன்னு இருக்கறதால. கடினம் ஏறினா பெரும்பாலும் தீரும். டேப் கோட்டிங்ல அலுமினியம் இருந்தா மாத்துங்க, இன்னும் ஒட்டும்.

உலைவாயில்:
பிரஷர் டைகாஸ்ட் (உலோக அச்சுல அழுத்தத்தோட வார்த்த) பீஸையும் இதே உலையில போடலாமா?

கரிமண்:
சாதாரண டைகாஸ்ட்டுன்னா வேண்டாம். உள்ள மாட்டின காத்து 540-ல் விரிஞ்சு மேல கொப்புளமா எழும்பும். டையில இருந்து எடுத்ததும் தண்ணியில போட்டு, ஏஜிங் மட்டும் பண்ணுங்க. செம்பு கலந்த 319 அலுமினியத்தையும் இதோட ஏத்தாதீங்க. அதுக்கு 505 போதும்; 540-ல் செம்பு கூடின இடம் உள்ளுக்குள்ளேயே உருகிடும், திரும்ப உருக்கத்தான் ஆகும்.