கொலராடோ மலையில் மியூல் டியர் வேட்டை: எடை குறைந்த போல்ட் ரைஃபிள் எது எடுக்கலாம்?

சரிவுமேடு கேட்டது:

வணக்கம். அக்டோபரில் மியூல் டியர் (ஒரு வகை மான்) வேட்டைக்கு எடை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (போல்ட் கைப்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுறது) ஒன்று வாங்கணும். இடம் சான் ஹுவான் மலைகள், 10,000 முதல் 12,000 அடி உயரம். வண்டியை விட்டுட்டு ஆறேழு மைல் உள்ளே நடக்கணும், கூடாரமும் சாப்பாடும் முதுகில். இப்ப இருக்கிற .30-06 ஸ்கோப்போட 9.5 பவுண்டு.

ஸ்கோப் சேர்த்து 1,800 டாலர் வரை போகலாம். 300 கெஜத்துக்கு மேல சுடற எண்ணம் இல்லை. பின்னால எல்க் (இதைவிடப் பெரிய மான்) லைசென்ஸ் கிடைச்சா அதுக்கும் இதே போதணும்.

காசு சேர்த்து, 5 பவுண்டுக்கும் கீழே வர்ற கிம்பர் மவுண்டன் அசென்ட் மாதிரி ஒன்றுக்குப் போகலாமா, இல்லை டிக்கா, ரூகரே போதுமா? தோட்டா .308-ஆ, 6.5 கிரீட்மூரா, 7 எம்எம்-08-ஆ? குழல் நீளம் எவ்வளவு?

குழல்வாய்:

முதல்ல தராசுக் கணக்கைப் பாருங்க. கம்பெனி போடுற எடை வெறும் துப்பாக்கிக்கு. தோளில் ஏறுறது ஸ்கோப், ரிங், வார், தோட்டா எல்லாம் சேர்ந்து. டிக்கா டி3எக்ஸ் லைட் ஏறக்குறைய 6.4 பவுண்டு. 12 அவுன்ஸ் எடையுள்ள 3-9×40 ஸ்கோப், அலுமினிய ரிங், மெல்லிய வார், மூணு தோட்டா போட்டால் 7.7 பக்கம் நிற்கும். அதே துப்பாக்கியில் 26 அவுன்ஸ் 4-16×50 ஸ்கோப்பையும் இரும்பு ரிங்கையும் மாட்டினால் 8.7 தாண்டிடும். அந்த கிம்பருக்கும் டிக்காவுக்கும் இருக்கிற வித்தியாசமே ஒன்றரை பவுண்டுதான். அதில் பெரும்பகுதியை, 300 கெஜத்துக்குத் தேவையே இல்லாத ஸ்கோப் தின்னுட்டுப் போயிடும். துப்பாக்கிக்கு ஆயிரம் டாலர் கூடக் கொடுத்து இளைக்க வைக்கிறவங்க, மேலே ஒரு தண்டவாளத்தை வைக்கிறதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

அடுத்து உதைப்பு. தோட்டா அதேதான், துப்பாக்கி மட்டும் 8 பவுண்டிலிருந்து 6-க்கு இறங்கினால் உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு போட்ட .308-க்கு 8 பவுண்டில் சுமார் 16 அடி-பவுண்டு, 6 பவுண்டில் 21, 22. வலி ஒரு பக்கம், அதைவிட மோசமானது சுடும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கும் பழக்கம். அது வந்துட்டால் போக்குறது கஷ்டம்.

லேசான துப்பாக்கியைப் பிடிச்சு நிறுத்துறதும் கஷ்டம். மேடேறி மூச்சு வாங்கும்போது நாடித் துடிப்பு நேராக் குழல் வாய்க்குப் போகும். டிரிகரை ஒரு நூல் பக்கவாட்டில் இழுத்தாலும் 6 பவுண்டு துப்பாக்கி திரும்பிடும், 8 பவுண்டு அவ்வளவு திரும்பாது. அதனால எல்லாம் சேர்த்து ஏழரை பவுண்டு பக்கம் வெச்சுக்கங்க. அதுக்குக் கீழே போறது, வருஷம் முழுக்க அதே துப்பாக்கியில் பழகுறவங்களுக்குத்தான்.

ஸ்கோப்பில் இன்னொன்று பாருங்க: கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே குறைஞ்சது மூன்றரை அங்குலம் இருக்கணும். மேல்நோக்கிச் சரிவில் படுத்துச் சுடும்போது தலை முன்னால போய் இந்த இடைவெளி சுருங்கும். லேசான துப்பாக்கி வேகமா பின்னால வரும், ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

குழல் 22 அங்குலம் போதும். .308, 6.5 மாதிரி தோட்டாக்களில் குழல் ஒரு அங்குலம் குறைஞ்சால் வினாடிக்கு 20, 25 அடி வேகம்தான் குறையும். 24-லிருந்து 20-க்கு வந்தால் வினாடிக்கு 100 அடி குறையும், 300 கெஜத்தில் அதை மான் கவனிக்காது. ஆனா குழல் குட்டையாக ஆக சத்தம் கூடும்.

என் ஓட்டு டிக்கா டி3எக்ஸ் லைட், துருப்பிடிக்காத எஃகு. ஆயிரம் டாலருக்கு முன்பின் கிடைக்கும், மீதியில் நல்ல ஸ்கோப்பும் ஏழெட்டுப் பெட்டி தோட்டாவும் வரும். ஒரு விஷயம் தெரிஞ்சு வாங்குங்க: டிக்காவில் ரிசீவர் (போல்ட் ஓடுற உடல்பகுதி) நீளம் ஒன்றேதான். 'சின்னத் தோட்டா, அதனால ஆக்‌ஷனும் சின்னது' என்கிற லாபம் இங்கே கிடையாது. காசு இறுக்கம் என்றால் ரூகர் அமெரிக்கன்.

ஏழெட்டு:

எடைக் கணக்கில் குழல்வாயோட எனக்குச் சண்டை இல்லை. டிக்காவோட சேஃப்டியில் (தவறி வெடிக்காமல் தடுக்கிற பூட்டு) தான் சண்டை. அது ரெண்டு நிலை. பூட்டினால் போல்ட்டும் பூட்டிக்கும். குழலின் பின்முனை அறையில் (சேம்பர்) இருக்கிற தோட்டாவை வெளியே எடுக்கணும்னா சேஃப்டியை விலக்கித்தான் போல்ட்டைத் திறக்கணும். விரைச்ச விரல், இருட்டு, சரிவான பாறை, அங்கே அதைச் செய்யச் சொல்றது எனக்கு ஒப்பாது. வின்செஸ்டர் 70 ஃபெதர்வெயிட், கிம்பர், ரூகர் அமெரிக்கன் ஜென் 2 (இரண்டாம் தலைமுறை) மூணுலயும் மூணு நிலை உண்டு: நடு நிலையில் டிரிகர் பூட்டியிருக்கும், போல்ட் திறக்கும். இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. பழைய ரூகர் அமெரிக்கனில் சேஃப்டி போட்டிருந்தாலும் போல்ட் பூட்டாது, புதரில் உரசிப் போல்ட் கைப்பிடி தூக்கிக்கும். மான் எதிரில் நிற்கும்போதுதான் அது தெரியும். டிக்காதான் என்று முடிவானால் நடக்கும்போது அறையைக் காலியா வெச்சு, மாகசினில் மட்டும் தோட்டா வெச்சுக்கங்க.

தோட்டா விஷயத்துக்கு வருவோம். கொலராடோ விதிப்படி மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெய்ன் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு. எல்க்குக்கு 85 கிரெய்ன். .243 சட்டப்படி ரெண்டுக்கும் செல்லும், ஆனா எல்க்கின் தோள் எலும்புக்கு அதை நம்பிப் போகாதீங்க.

நான் எடுப்பது 7 எம்எம்-08, 140 கிரெய்ன். .308 தோட்டாக் கூட்டைத்தான் கழுத்தில் சுருக்கியிருக்காங்க, உதைப்பு .308-ஐவிடக் கொஞ்சம் குறைவு, எல்க்குக்கும் தாராளம். குறை ஒன்றுதான்: மலையடி ஊர்க் கடைகளில் இதன் பெட்டி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. .308, .30-06, 6.5 கிரீட்மூர் எங்கேயும் இருக்கும். விமானத்தில் பெட்டி தொலையுற வாய்ப்பு இருக்கிறவங்க 6.5-ஐ எடுங்க, 140 கிரெய்ன் பக்கம் குண்டு, மூணிலும் உதைப்பு குறைவு இதுக்குத்தான். எல்க்குக்கு என்றால் செப்புக் குண்டோ உறையோடு பிணைத்த குண்டோ போடுங்க, இலக்குப் பந்தயக் குண்டு வேண்டாம்.

எதுவானாலும் 100 கெஜத்தில் குண்டு குறிக்கு மேலே, இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் விழும்படி ஸ்கோப்பை வைத்தால் 200-ல் நேராகும், 300-ல் ஏழெட்டு அங்குலம் இறங்கும். 200-ல் ஒரு தடவை சுட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்கங்க. 300-ல் முதுகெலும்பை ஒட்டிக் குறி வைத்தால் போதும், ஸ்கோப்பில் திருகு திருப்பும் வேலையே இல்லை.

பனிக்காலம்:

குளிரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எந்தத் துவக்கை வாங்கினாலும் முதல் வேலை, போல்ட்டைக் கழட்டி உள்ளுக்க இருக்கிற ஊசியையும் சுருளையும் எடுத்து, கம்பெனி போட்ட எண்ணெயை முழுக்கத் துடைக்கிறது. குளிரில அது தடிச்சுப்போனால் ஊசி மெதுவாத்தான் போகும், 'டிக்' எண்டு சத்தம் மட்டும் வரும், தோட்டா வெடிக்காது. உலர்த்திப்போட்டு விடுங்கோ, இல்லாட்டி மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு.

இரவில சூடான கூடாரத்துக்க கொண்டு போகாதேங்கோ. ஈரம் பிடிக்கும், காலமை வெளிய எடுக்க அது போல்ட்டிலயும் டிரிகரிலயும் உறையும். வெளித்திரைக்குக் கீழ, தோட்டா எல்லாம் கழட்டி வையுங்கோ.

குழல் வாயில மின்கம்பிக்குச் சுத்துற டேப்பை ஒரு சுத்து ஒட்டிவிடுங்கோ. சன்னத்துக்கு முன்னால போற காத்தே அதைக் கிழிச்சுப்போடும், குறி மாறாது. ஒட்டாமல் விழுந்தெழும்பி, குழலுக்க பனி அடைஞ்சது தெரியாமல் சுட்டால் குழல் வெடிக்கும்.

டிரிகரை இரண்டு பவுண்டுக்கு இறக்காதேங்கோ. கையுறை போட்ட விரலுக்கு மூண்டு பவுண்டுதான் சரி.

சரிவுமேடு:

எல்லாருக்கும் நன்றி. டிக்கா, 6.5 என்று ஏறக்குறைய முடிவு பண்ணிட்டேன், அறை காலியாத்தான் நடப்பேன். ரெண்டு சந்தேகம். மெல்லிய குழலும் பிளாஸ்டிக் ஸ்டாக்கும் (தோளில் வைக்கிற கட்டை) சேர்ந்தா குறி நகரும்னு சொல்றாங்களே, கடையிலேயே சோதிக்க வழி இருக்கா? அப்புறம் என் மச்சான் எச்-1பி விசாவில் இருக்கார், அவரும் ஒன்று வாங்க முடியுமா?

குழல்வாய்:

சோதிக்கலாம். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் நடுவில் நுழைச்சு, ரிசீவர் வரை இழுங்க. தடை இல்லாமல் போகணும். பிறகு முன்பகுதியைக் குழலோடு சேர்த்துக் கையால் அழுத்துங்க. லேசான அழுத்தத்திலேயே நோட்டு சிக்கினால், பையின் மேல வெச்சோ ரெண்டு கால் ஸ்டாண்டிலோ சுடும்போது ஸ்டாக் வளைஞ்சு குழலைத் தொடும், குண்டு வேற இடத்தில் விழும். பைமேல் சுட்டதும் மரத்தில் சாய்ந்து சுட்டதும் இரண்டு அங்குலம் விலகி நிற்கிற துப்பாக்கிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து விடலாம். இன்னும் பலவற்றுக்குத் தளர்ந்த திருகு. ஸ்டாக் திருகுக்கும் ரிங் திருகுக்கும் அளவு தாளில் இருக்கும் (அலுமினிய ரிங்கின் மேல்மூடிக்குப் பொதுவா 15 முதல் 18 அங்குல-பவுண்டு), டார்க் திருப்புளி (இறுக்கத்தை அளந்து காட்டுறது) இல்லாமல் மாட்டாதீங்க.

மெல்லிய குழல் சூடானால் குண்டுகள் பரவத்தான் செய்யும். மூணு சுடுங்க, குழலைக் கையால் சும்மா பிடிச்சுக்க முடியுற வரை ஆறவிடுங்க. கடைசியா ஸ்கோப்பைத் திருத்தும்போது கணக்கில் எடுக்க வேண்டியது ஆறின குழலின் முதல் குண்டு. மலையில் சுடப்போறது அதைத்தான்.

மச்சான் விஷயம்: தற்காலிக விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கி வாங்குறதையும் வெச்சிருக்கிறதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாத் தடுக்குது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் 4473 படிவம் நிரப்பும்போது அந்த லைசென்ஸைக் காட்டணும். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போயிடும், துப்பாக்கி வீட்டில் இருக்கிறதே குற்றமாகும், அதனால தேதியைக் குறிச்சு வெக்கச் சொல்லுங்க. லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் வேணும் (1949-க்கு முன்னால பிறந்தவங்களுக்கு விலக்கு), அதை முதல்ல முடிக்கட்டும். கொலராடோவில் வாங்கினால் மூணு நாள் காத்திருப்பும் உண்டு. சீசனுக்கு முந்தின வாரம் போய் நிற்க வேண்டாம்.