கட்டிச் சளி வந்துருது, பசைச் சளி வரமாட்டேங்கு. ஏன்?

முக்கூடல்காரன்:
எங்க அப்பாவுக்கு 68 வயசு. பீடி சுத்துத வீடு. சுத்துனதுல பாதிய அவரே குடிச்சுத் தீத்தாரு. இப்ப விட்டாச்சு. நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சின்னு டாக்டர் எழுதியிருக்காரு. சில நாள் சளி, பீடிக்கட்டு லேபிள் ஒட்டுத பசை மாதிரி உள்ளயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கு, இருமி இருமி ஓஞ்சு போறாரு. சில நாள் நல்லாக் கட்டியா இருக்கு, ஆனா ஒரே இருமல்ல உருண்டையா வந்து விழுந்துருது. கட்டியா இருந்தாத்தான கஷ்டம்? பக்கத்து வீட்டு ஆச்சி வேற 'வெந்நிய நெறையக் குடிக்கச் சொல்லு, இளகிரும்'ங்காவ. சொம்பு சொம்பாக் குடிக்காரு, ஒண்ணும் நடக்கல.

பாளை பிசியோ:
தம்பி, கட்டியா இருக்கது வேற, ஒட்டுதது வேற. இருமலுக்கு எதிரி ரெண்டாவதுதான்.

நல்ல சளியில 97, 98 சதவீதம் தண்ணிதான். மிச்சத்துல உப்பு, மியூசின்னு நீள நீளமான புரத இழைக. அந்த இழைக பின்னித்தான் சளி வலையா நிக்குது. அதுக்கு அடியில தண்ணியான ஒரு படலம். அதுல சிலியாங்கிற குட்டி மயிரிழைக நொடிக்குப் பத்துப் பதினஞ்சு தடவ அடிக்கும். நுனி வலையில மாட்டி மேல தள்ளும். பெரிய மூச்சுக்குழாயில நிமிஷத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர் நகரும். தள்ளுனா நகர அதுக்குக் கொஞ்சம் மீள்தன்மை வேணும். ரொம்பத் தண்ணியாப் போனா சிலியாவுக்குப் பிடியே கிடைக்காது. அதனால 'எவ்வளவு இளகுனாலும் நல்லது'ங்கிறதும் சரியில்ல.

பீடிப் புகை சிலியாவ முடக்கும், சளியக் கூட்டும், தண்ணியக் கொறைக்கும். தண்ணி கொறஞ்ச சளி, அடிப் படலத்துத் தண்ணியையும் உறிஞ்சி, சிலியாவ அமுக்கி, சுவத்துல ஒட்டிரும். அப்புறம் இருமல் ஒண்ணுதான் வழி. இருமலுக்கு வேகமான காத்து சளிக்குப் பின்னால இருந்து வரணும். சுவத்த விட்டுக் கழண்ட கட்டி பறந்துரும்; ஒட்டுனது அசையாது. உங்க அப்பாவுக்கு நடக்கது இதுதான்.

வெந்நி தொண்டைக்கு இதம். உடம்புல தண்ணி வத்திக் கெடந்தாக் குடிக்கட்டும், அதுக்கு மேல குடிக்கது மூத்திரமாத்தான் போவும். சளிக்குள்ள தண்ணியக் கொண்டுபோக உப்புத் தண்ணி நெபுலைசர் இருக்கு, உப்புத் தண்ணியப் பொடிச் சாரலாக்கி மூச்சோட உள்ள இழுக்க வைக்கிற மிஷின். 3 சதவீதம், 7 சதவீதம்னு. உப்பு தண்ணிய உள்ள இழுக்கும். ஆனா சிலருக்கு மூச்சு இறுகும், டாக்டர் முன்னால வச்சுத்தான் முதல்ல பாக்கணும்.

கடையம் மூலிகை:
ஆடாதோடையச் சொல்லாம விட்டீங்களே. எங்க பக்கம் வேலியெல்லாம் அதுதான்.

பாளை பிசியோ:
மறுக்கல அண்ணாச்சி. அதுல இருக்க வாசிசின்ங்கிற பொருளப் பாத்துத்தான் புரோம்ஹெக்சின்ங்கிற சளி மருந்தே செஞ்சாங்க. அம்பிராக்சால் அதோட வாரிசு. அதுக்காக டாக்டர் குடுத்த மருந்த நிப்பாட்டிட்டுக் கஷாயத்துக்குப் போயிராதீங்க.

வி.கே.புரம் மாமி:
பாலை நிறுத்திப் பாருங்கோ. பால் சளி கட்டும்.

பாளை பிசியோ:
பால் எச்சிலோட கலந்து தொண்டையில கொழகொழன்னு தோணும், அவ்வளவுதான் மாமி. மெலிஞ்ச மனுசனுக்கு அதையும் நிறுத்தாண்டாம்.

முக்கூடல்காரன்:
அப்போ வீட்டுல என்ன செய்ய?

பாளை பிசியோ:
தொண்டைய இறுக்கி இருமாண்டாம். நிமிந்து உக்காந்து, மெதுவா மூச்ச இழுத்து, ரெண்டு மூணு நொடி நிப்பாட்டச் சொல்லுங்க. காத்து சளிக்குப் பின்னால போக நேரம் வேணும்லா. அப்புறம் வாயத் தொறந்து 'ஹா'ன்னு வேகமா விடணும், கண்ணாடியில ஆவி படிய ஊதுதாப்ல. நடுவுல சும்மா மூச்சு விட்டு ஆறிக்கணும். சாப்பிட்ட உடனே வேண்டாம், குமட்டும். சளியில ரத்தமோ, பச்சை நிறமும் காய்ச்சலும் சேந்தோ வந்தா, நேரா பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க.