ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் பணி: தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

திருச்சி ஆசிரியை:

வணக்கம். திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியிலும், ஆறாம் வகுப்பிலிருந்து ஆங்கிலவழியிலும் படித்து, பி.ஏ., எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களை அங்கே எடுத்துக்கொள்வார்களா, வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குச் சம்பளத்தில் மிஞ்சுமா, வகுப்பறை எப்படியிருக்கும் என்பதை அங்கே பணிபுரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இங்குள்ள முகவர் ஒருவர் வேலைக்கும் விசாவுக்கும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

சைத்தாமா வாசி:

முகவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை விசாவுக்கு அடிப்படையான தகுதிச் சான்றிதழை, உங்களைப் பணியமர்த்தும் நிறுவனமே ஜப்பானியக் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பித்துப் பெற்று அனுப்பிவிடும். அதை வைத்து நீங்களே சென்னையில் விசாவுக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம். இடையில் ஒருவர் மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு செய்து தருவதற்கு எதுவும் இல்லை.

தாய்மொழி எது என்று விசா விதி கேட்பதில்லை. பள்ளிகளில் கற்பிப்பவர்களுக்கான விசாப் பிரிவில், கற்பிக்கப்போகும் மொழியின் வழியாகவே குறைந்தது 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் சேர்த்தே கணக்கிடுவது வழக்கம் என்பதால், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டுகள், பட்டப் படிப்புகளில் ஐந்து ஆண்டுகள் என உங்களுக்குக் கணக்கு சரியாகவே வருகிறது, பி.எட். அதற்கு மேல். தனியார் உரையாடல் வகுப்புகளுக்கு வேறு விசாப் பிரிவு. அதற்குப் பட்டம் போதும். ஆனாலும் ‘தாய்மொழியாளர் மட்டும்’ என்று விளம்பரத்திலேயே எழுதுகிற நிறுவனங்கள் இன்னமும் இருக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

பள்ளிகளுக்கு வெளிநாட்டவரை மொழி உதவி ஆசிரியர்களாக வரவழைக்கும், 1987-இல் தொடங்கிய ஜப்பானிய அரசுத் திட்டமான ‘ஜெட்’டையும் பாருங்கள். 2025 முதல் அதில் முதலாண்டுச் சம்பளம் 40 லட்சத்து 20 ஆயிரம் யென். ஓராண்டு ஒப்பந்தம், ஐந்தாண்டுகள் வரை புதுப்பிக்கலாம். அமெரிக்கர்களே அதில் மிகுதி, இந்தியர்கள் வெகு சிலர். ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஒசாகா கணக்கர்:

நகராட்சிப் பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்கள் மாதம் இரண்டு முதல் இரண்டரை லட்சம் யென் என்று விளம்பரம் செய்வார்கள். கோடை விடுமுறை உள்ள ஆகஸ்ட் மாதத்தில் முழுச் சம்பளம் உண்டா, சமூகக் காப்பீட்டில் சேர்ப்பார்களா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடு எடுக்கும்போது முன்பணமும், வீட்டு உரிமையாளருக்குக் கொடுக்கும், திரும்பி வராத ‘நன்றிப் பணமும்’ சேர்ந்து பல மாத வாடகை ஒரே நேரத்தில் போய்விடும். வசிப்பிட வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது விதிக்கப்படுவதால், அது இரண்டாம் ஆண்டில்தான் வந்து சேரும். அப்போது கையில் கிடைப்பது குறைந்துவிட்டதே என்று பலர் திகைப்பார்கள்.

முன்னாள் உதவி ஆசிரியர்:

வகுப்பறையைப் பற்றி நான் சொல்கிறேன். பி.எட். முடித்துத் தனி வகுப்பை நடத்திப் பழகிய உங்களுக்குச் சம்பளத்தைவிட இதுதான் கடினமாக இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. அங்கே வெளிநாட்டவர் பெரும்பாலும் உதவி ஆசிரியர்தான். பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் ஜப்பானிய ஆசிரியரின் பொறுப்பு. சில பள்ளிகளில் பாடத்தையே உங்களிடம் விட்டுவிடுவார்கள், சிலவற்றில் பாடநூலை உரக்கப் படிக்கும் குரலாக மட்டும் நிற்பீர்கள். எது வாய்க்கும் என்பது உடன் நிற்கும் ஆசிரியரைப் பொறுத்தது.

நாற்பது பேர் வரை அமர்ந்திருக்கும் நடுநிலைப் பள்ளி வகுப்பில் “யாருக்கு விடை தெரியும்?” என்று கேட்டால் ஒரு கைகூட உயராது. விடை தெரியாததால் அல்ல. எல்லோர் முன்னிலையிலும் தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்பதால். அதே கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு சலசலக்கும், இருவராகச் சரிபார்த்த விடையைப் பிறகு தயங்காமல் சொல்வார்கள். தொடக்கப் பள்ளி நேர்மாறு. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் நீங்கள் உள்ளே நுழைவதற்குள் கத்தத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொன்று: மதிய உணவைப் பிள்ளைகளோடு வகுப்பிலேயே சாப்பிடும்படி பல பள்ளிகளில் சொல்வார்கள். நீங்கள் சைவமானால், காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்து வர அனுமதி வேண்டுமென்று முதல் வாரத்திலேயே பள்ளியில் சொல்லிவிடுங்கள்.

திருச்சி ஆசிரியை:

மிக்க நன்றி. முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும்? ஜப்பானிய மொழியும் தெரிந்திருக்க வேண்டுமா?

சைத்தாமா வாசி:

பயிற்றுமொழிச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள், அம்மா. படித்த பள்ளி, கல்லூரிகள் ஒவ்வொன்றிலும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை ஆங்கிலவழியில் படித்தீர்கள் என்று குறிப்பிட்டு, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இட்டு வாங்குங்கள். மொழியைப் பொறுத்தவரை, பல விண்ணப்பங்களில் கட்டாயமில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் நடக்கும் பேச்சு முழுவதும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஒப்பந்த நிறுவனங்களின் அறிவிப்புகளை இலையுதிர் காலத்திலிருந்தே கவனியுங்கள்.