தோட்டத்துச் சாளைகளுக்கு அரசு இணையம்: கிராம சபையில என்ன கேட்கலாம்?

கேள்வி – சென்னிமலைக்காரர்:
அக்டோபர் 2 கிராம சபையில இணையத் தீர்மானம் வைக்கறோம்ங்க. ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டு வர்ற ஒன்றிய அரசோட பாரத்நெட் கேபிள் ஊராட்சி அலுவலகத்தோட நின்னிருக்கு, சாளைகளுக்கு (தோட்டத்துக்குள்ள இருக்கற வீடுகளுக்கு) வரல. ரேஷன் அட்டைக்காரங்களோட மாசக் கட்டணத்தை அரசே கட்டட்டும்னு ஒரு பக்கம். கையில போன் இருக்கறப்ப வரிப்பணத்தை ஏன் கொட்டோணும்னு இன்னொரு பக்கம். எதைக் கேட்டா நிக்கும்?

நொய்யல்கரை:
வரிப்பணம்ங்கற பேச்சை முதல்ல தெளிவாக்கிடுங்கண்ணா. பாரத்நெட்டுக்குக் காசு வர்றது, தொலைத்தொடர்பு நிறுவனங்க வருவாயில 5% கட்டற நிதியில இருந்து. இப்ப அதுக்குப் பேரு டிஜிட்டல் பாரத் நிதி. சாளையில குடியிருந்து ரீசார்ஜ் பண்றவரு காசும் அதுல இருக்குது.

கட்டண உதவியை மட்டும் நம்பாதீங்க. அமெரிக்காவுல வருமானம் குறைஞ்ச வீடுகளுக்கு இணையக் கட்டணத்துல மாசம் 30 டாலர் வரைக்கும் கழிச்சுக் கொடுத்தாங்க. 2.3 கோடி வீடு சேர்ந்துச்சு. நிதி தீர்ந்து 2024 ஜூன்ல நின்னு போச்சு. கம்பி இழுத்திருந்தா அதாச்சும் மிஞ்சியிருக்கும். நம்ம பக்கம் வீடு தெருவா இல்ல, காட்டுக்கு ஒரு சாளை. எட்டு வீட்டுக்கு ஒண்ணரை கிலோமீட்டர் இழுக்கறது எந்தக் கம்பெனிக்கும் கட்டாது. அரசு காசு போகவேண்டிய எடம் அதுதான்.

கேபிள்காரன், காங்கேயம்:
தூரம் அதிகம், சிக்னல் வராதுன்னு அதிகாரி சொன்னா ஒத்துக்காதீங்க. ஒரு கிலோமீட்டர் ஃபைபர்ல, அதாவது கண்ணாடி இழையில, ஒளி கால் டெசிபல் (ஒளி குறையறதை அளக்கற அலகு) அளவுக்குத்தான் குறையும். 32 வீட்டுக்குப் பிரிக்கற ஸ்ப்ளிட்டர் ஒண்ணே சுமார் 17 டெசிபல் தின்னுடும். அப்பவும் வீட்டு மோடம் பெட்டிக்கு மைனஸ் 20 டிபிஎம் (வந்து சேர்ற ஒளியோட பலத்தைக் காட்டற அளவு) பக்கம் கிடைச்சா நல்லா ஓடும். மைனஸ் 27-ஐத் தாண்டி எறங்கினாத்தான் சிவப்பு விளக்கு எரியும்.

கெடுக்கறது வேற. தாழத் தொங்கற வயரை வைக்கோல் லாரி இழுத்துட்டுப் போயிரும், தென்னமட்டை விழுந்து அறுக்கும், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டற ஜேசிபி வெட்டும். சுவர் மூலையில ஆணியடிச்சு மடக்குனா உள்ள ஒளி கசிஞ்சிரும். சாதா ஃபைபரை 3 செ.மீ. ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாது. பச்சைக் கனெக்டர்ல நீலத்தைச் சொருகறதும் அடிக்கடி நடக்குது. முனை சரியா உட்காராம சிக்னல் விழுந்துரும். அதனால, பாதை கடக்கற எடத்துல உயரக் கம்பமும், ஒவ்வொரு இணைப்புலயும் 10 மீட்டர் உபரிச் சுருளும் வேணும்னு எழுதுங்க.

வாளையார் வழி:
ரெண்டு பேரு சொன்னதும் சரிங்க, ஆனாக் கட்டணத்தைக் கை விட்டறாதீங்க. வாசல் வரைக்கும் வயர் வந்தும், தினக்கூலி வீட்டுல மாசாமாசம் கட்ட முடியலைன்னா பெட்டி சும்மாதான் கெடக்கும். ரெண்டு புள்ளைங்க படிக்கற வீட்டுக்கு ஒரு போன் டேட்டா பத்தாது. கேரளாவுல அந்த மாநில அரசோட இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூன்ல தொடங்குனப்ப, முதல் கட்டமா 14,000 ஏழைக் குடும்பத்துக்கு இலவசம்னு அறிவிச்சாங்க. சட்டமன்றத் தொகுதிக்கு நூறு வீடு. அப்படி எண்ணிக்கை போட்டுக் கேளுங்க. கரண்ட் போனாலும் ஓடற மாதிரி 12 வோல்ட் சின்ன யூபிஎஸ்ஸையும் சேர்த்துக்குங்க.

சென்னிமலைக்காரர்:
ரொம்ப நன்றிங்க. சாளை வாரியாத் தூரம், கம்பம், அட்டை வகை மூணையும் பட்டியல் போட்டு, பழுதானா எத்தனை மணி நேரத்துல சரி பண்ணோணும்னும் சேர்க்கறோம். அதுக்கு முன்னால, அலுவலகத்துப் பெட்டி எரியுதான்னு நாளைக்கே பார்த்துடறோம்.